அழிக்க மறந்த மூன்று ஆண்டுகள்

நவம்பர் 12, புதன். வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு சிறு தவறு நேர்ந்தது. அதனால் மறுநாள் காலை நிதானம் எழுந்தபோது அவளுக்கு மூன்று வயது கூடியிருந்தது. நிதானம் என்பது வீட்டில் வைத்த பெயர். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே படியிறங்குகிறவள். பகலெல்லாம் வேலை தேடிவிட்டு, மாலைக் கல்லூரியில் கணக்கியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் செய்த தவறு இதுதான். முந்தைய ஆண்டு படித்து முடித்துப் போன சீனியர் ஒருத்தி தன் விண்ணப்பத்தை மாதிரிக்குக் கொடுத்திருந்தாள். நிதானம் அதில் பெயரை மாற்றினாள், முகவரியை மாற்றினாள், மதிப்பெண்ணை மாற்றினாள். 'அனுபவம்: மூன்று ஆண்டுகள், ஏற்றுமதிக் கிடங்கு, சரக்குச் சரிபார்ப்பு' என்ற வரியை மட்டும் அழிக்காமல் அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை அந்த மூன்று ஆண்டுகளும் அவள் மேல் வந்து இறங்கியிருந்தன. தோள்வரை இருந்த கூந்தல் இடுப்புக்கு வந்திருந்தது. வலது கட்டைவிரலில் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை கிழித்த தழும்பு, ஆறிப் பழசாகியிருந்தது. ஏணியில் ஏறி இறங்கிய முழங்கால் வலித்தது. விசில் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு மேற்பார்வையாளர் மேல் தீராத கோபம் இருந்தது. அந்தக் கிடங்கு எந்தத் தெருவில் இருந்தது என்பதை மட்டும் எவ்வளவு யோசித்தும் அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, பால் விலை ஏறியது.

கிடங்கில் கற்றது பெரும்பாலும் சந்தேகம்தான். அடுக்கின் முன்வரிசை நிறைந்திருந்தால் நடுவில் காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டும். முத்திரை ஒட்டிய பெட்டியையும் தட்டிப் பார்க்க வேண்டும். அவள் சர்க்கரை டப்பாவைத் தட்டினாள், தலையணையைத் தட்டினாள், தம்பியின் பையைத் தட்டினாள். தம்பி என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது. இருவரும் இரட்டையர். சில நிமிடம் முந்திப் பிறந்ததற்காக இருபத்தொரு வருடமாக அவளை 'அண்ணா' என்று கூப்பிட வைத்தவன் அவன்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நான்தான்டி மூத்தவன். இனிமே உன்னை அக்கான்னு கூப்பிடணுமா?"

"அது உன் இஷ்டம். பையில என்னத்தை ஒளிச்சு வச்சிருக்க, அதைச் சொல்லு முதல்ல."

பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா, வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு மகளை நாடாவால் அளந்தாள். தோள் அகன்றிருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"மூணு வருஷம் வெளியில இருந்திருக்க. யாரையாவது பார்த்து வச்சிருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிடு."

"விசில்னு ஒருத்தன்தாம்மா. அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அம்மா குண்டூசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

நிதானம் அந்த வரியை நீக்கி, விண்ணப்பத்தைத் திரும்ப அனுப்பினாள். வயது குறையவில்லை. வெள்ளிக்கிழமை, அந்த வரியோடு முதலில் போன விண்ணப்பத்தைப் பார்த்து, அந்தச் சரக்கு நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை அவள் அனுப்பிய எந்த விண்ணப்பத்துக்கும் எவரும் பதில்கூடப் போட்டதில்லை. கல்லூரிப் படிப்பு மார்ச்சில் முடிகிறது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு தையல் இயந்திரம் போடுவதாக வீட்டில் பேச்சு. அவளுக்கு நேராக ஒரு தையல்கூட வராது. ஆகவே அந்த அழைப்பு அவளுக்குப் பெரிய விஷயம். ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்தியது: இந்த ஆண்டுகள் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். சீனியரிடமிருந்து வந்திருந்தால்? அவள் இப்போது கல்லூரி முதலாண்டுப் பிள்ளையாகச் சுருங்கிப்போய் எங்காவது அழுதுகொண்டிருந்தால்?

சீனியர் சுருங்கவில்லை. சனிக்கிழமை அவளுடைய அலுவலக வாசலில் பிடித்தபோது, தேநீர் கோப்பையைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலிலும் அதே தழும்பு, அதே இடத்தில் இருந்தது.

"எனக்கும் எங்க சீனியர் குடுத்ததுதான்" என்றாள். "அவங்களுக்கு யார் குடுத்தாங்களோ. விசிலை நேர்ல பார்த்த ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. ஆனா எல்லாருக்கும் அவன் மேல கோவம்."

"அந்த வரியை வேணும்னேதான் விட்டீங்களாக்கா?"

"எடுத்திருந்தா உன்னைக் கூப்பிட்டிருப்பாங்களா?"

நிதானம் நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியாமல், இரண்டையும் செய்யாமல் பேருந்து ஏறினாள்.

திங்கட்கிழமை நேர்காணல். காத்திருந்த அறையில் நாற்காலிகள் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்; எல்லோரும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தார்கள். அவள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர் அம்மாள் தனியாக இருந்தார். தலை முக்கால்வாசி வெளுத்திருந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். விசில் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவான் என்று கேட்டார். இடது கை என்றாள் நிதானம். மேலாளர் முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பு தன்னுடையதைப் போலவே இருந்ததை அவள் கவனித்தாள்.

"எல்லாம் சரி. ஆனா நாங்க அஞ்சு வருஷம் கேட்டிருந்தோம்" என்று மேலாளர் விண்ணப்பத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "மூணை அஞ்சாக்கிக் கையெழுத்துப் போடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பிறகு, கிடங்கில் கற்ற பழக்கத்தில், எதிரே இருந்தவரையே ஒரு கேள்வியால் தட்டிப் பார்த்தாள்.

"நீங்க எத்தனை எழுதினீங்க மேடம்?"

"சேரும்போது ரெண்டு. அப்புறம் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமா."

"உங்களுக்கு நிஜமா என்ன வயசு?"

மேலாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "போன மாசம் இருபத்தாறு முடிஞ்சுது" என்றார்.

நிதானம் பேனாவை மூடி, வந்த திசையிலேயே தள்ளினாள்.

"மூணு எனக்குத் தெரியாம வந்துடுச்சு மேடம். அந்த ரெண்டை இங்க வேலை பார்த்தே சேர்த்துக்கறேன். ஒவ்வொரு நாளா."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதில் என்ன தந்திரம் இருக்கிறது என்று தேடியது அந்தப் பார்வை. இப்படி யாரும் கேட்டதில்லை, அதற்கு இங்கே பதவியே கிடையாது என்றார். பிறகு, பதவி இல்லாத இடத்தில் ஒன்றைப் போட வேண்டும் என்றால் மேலிடத்தைக் கேட்க வேண்டும், மேலிடத்தில் இருப்பதும் நான்தான் என்றார். சிரித்தாரா என்பது நிதானத்துக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சியாளர், பாதிச் சம்பளம், ஏமாற்றினால் அன்றே வெளியே என்று முடிவானது.

அந்த இரண்டு ஆண்டுகளும் வழக்கமான வேகத்திலேயே கழிந்தன. அதில் சொல்வதற்கு அதிசயம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று அவளிடமே தங்கிவிட்டன. அரசு அட்டையில் ஒரு வயது, முகத்தில் ஒரு வயது என்று இருப்பவர்கள் ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்ததால், பல் மருத்துவரும் வங்கிக்காரரும் இரண்டையும் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். செய்தது சரிதானா என்று மட்டும் அவள் அவ்வப்போது யோசித்தாள். நேர்காணல் முடிந்து அந்தத் திங்கட்கிழமை வீடு திரும்பியபோதும் அதைத்தான் யோசித்தாள். பதில் கிடைக்காததால் சாப்பிட்டுவிட்டு, மறுநாளுக்கு உரியதை எடுத்து வைத்தாள்.

நவம்பர் 18, செவ்வாய். செய்ய வேண்டியது: காலை எட்டரைக்கு நிறுவனத்துக் கிடங்கின் பின்வாசலுக்குப் போக வேண்டும்; ஜன்னல் ஓர அடுக்கிலிருந்து பெட்டிகளை எண்ணத் தொடங்க வேண்டும்.