பாஸ்கல் எழுதிக் கொடுத்தது

மூணாறு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்த பாஸ்கல், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் குக்கர் மூடி அடிக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக சூப்பர்வைசர். மனைவி ஜெனிட்டா மூணாற்றிலேயே இருந்தாள். மாதம் இரண்டு முறை மலையேறிப் போய் வருவான்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஆர்டர் கழுத்தை நெரித்தது. அங்கிருந்த, தகட்டை மூடியாக அழுத்தும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். ஆனால் வேலை மெதுவாகத்தான் நகரும். அன்று காலை பாஸ்கல் வலது பொத்தானை அழுத்தி, அது எழாதபடி கறுப்பு டேப் ஒட்டினான். அதன்பின் இடது பொத்தான் மட்டும் போதும்.

பத்து மணிக்கு டீ குடிக்கப் போன ஆளின் இடத்துக்கு மாரப்பன் வந்து நின்றான். தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன், முப்பத்து நாலு வயது. டேப்பைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டும் என்று பாஸ்கல் நினைத்தான். அதற்குள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

வலது கையால் தகட்டைச் சரிசெய்தபோது இடது கை பொத்தானில் பட்டு, மாரப்பனின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியபோது, பாஸ்கல் மிஷினிடம் ஓடி டேப்பை உரித்தான். டேப் வந்துவிட்டது, பசை வரவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் அந்தப் பசையைத் தொட்டுப் பார்த்து, டேப் ஒட்டியது யார் என்று கேட்டார்கள்.

"மாரப்பன்தான் ஒட்டியிருக்கணும் சார். ரெண்டு வாட்டி நானே சத்தம் போட்டிருக்கேன்" என்றான் பாஸ்கல். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். விதியை மீறினான் என்று மாரப்பனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஏழு மாதம் கழிந்தது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஞாயிறு மதியம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது அங்கே வழக்கம். கூட்டத்தை நடத்துவது பாஸ்கல்தான். நன்றாகப் பேசுவான் என்று பெயர். அன்றைக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து தாவீதின் திருப்பாடல் ஒன்றைப் படித்தார்கள். கடவுள் நல்லவர், ஆகையால் பாவிகளுக்கு வழி கற்பிக்கிறார் என்ற பொருளில் அதில் ஒரு வரி வந்தது.

தையல் கடை எமல்டாவுக்குச் சந்தேகம். "அண்ணே, நல்லவர்னா தப்பு செஞ்சவனத் தண்டிக்கணும். அதென்ன, ஆகையால் வழி காட்டுறாரு?"

பாஸ்கல் யோசிக்கவே இல்லை. வாய் தன்பாட்டில் பேசியது. "தப்பு பண்ணுனவனுக்குத் தண்டனைன்னா பயமில்ல எமல்டா, எங்கியாச்சும் ஒளிஞ்சுக்கலாம். நல்லவரு வந்து பக்கத்துல நின்னு, இந்தா இப்படித் திரும்பிப் போன்னு சொன்னா எங்க போய் ஒளியிறது? அப்ப நடந்துதான் ஆகணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். "எவ்வளவு அழகாச் சொல்லிட்டீங்க" என்றாள் எமல்டா. பாஸ்கலுக்கு முகம் எரிந்தது. பைபிளை மூடினான், முடிவு ஜெபத்தை வேறு யாரையோ சொல்லச் சொன்னான். கொடுத்த காப்பி அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் ஏறினான்.

மாரப்பன் வீட்டு முன்னால் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தான். பாஸ்கலைக் கண்டதும் பதறி, வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான்.

"வாங்கண்ணா, வாங்க. மருதா, தண்ணி கொண்டா. பாஸ்கலண்ணன் வந்திருக்கறாரு பாரு."

அவன் மனைவி மருதாத்தாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பாஸ்கல் வாயைத் திறப்பதற்குள் மாரப்பனே பேசினான்.

"நானே வந்து உங்களப் பாக்கோணும்னு இருந்தனுங்க. மொகத்தக் காட்டத் தைரியம் வரல்லீங்க. நீங்க அத்தன சொல்லியும் கேக்காம டேப்ப ஒட்டி, உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டன். ஒட்டுனதே எனக்கு நெனப்பில்லீங்க. முந்தி ஒருக்கா ஒட்டியிருக்கறன், அதுனால அன்னிக்கும் நாந்தான் ஒட்டியிருப்பேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணா."

மாரப்பன் திட்டுவான், அடிக்கவும் வருவான் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்த பாஸ்கல், அவன் மன்னிப்புக் கேட்பான் என்று நினைக்கவில்லை. எழுந்து பஸ்ஸுக்கே ஓடிவிடலாமா என்றிருந்தது.

"மாரப்பா, நீ ஒட்டல" என்றான். "நான்தான் ஒட்டுனேன். அன்னைக்குக் காலையில. உன்கிட்ட சொல்லாமப் போயிட்டேன். உன்னத் தூக்கிட்டுப் போனதும் நானே உரிச்சுப் போட்டுட்டு, உன் மேல எழுதிக் குடுத்தேன்."

மாரப்பன் அவனையே பார்த்தபடி நின்றான். பிறகு மெதுவாக, "அப்ப நான் ஒட்டல்லீங்களா?" என்றான்.

"இல்ல."

"என் மேல தப்பில்லீங்களா?"

"ஒண்ணுமே இல்ல."

மாரப்பன் மனைவியின் பக்கம் திரும்பினான். "மருதா, கேட்டயா? நான் ஒட்டல்லியாமா!" என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். மடிப்புக்குள் இருந்த கை வெளியே வந்திருந்தது. பாஸ்கலால் நிமிர முடியவில்லை. மாரப்பன் சந்தோஷப்பட்டதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

மருதாத்தாள் அழவில்லை. "ஏழு மாசமா ராத்திரி பகல் தன்னைத்தானே திட்டிக்கிட்டுக் கெடந்தாருங்க" என்றாள். "ஊர்ல ஒருத்தர் மூஞ்சியப் பாக்கல. இங்க வந்து எங்ககிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. எங்க எழுதிக் குடுத்தீங்களோ, அங்க போயி மாத்தி எழுதிக் குடுங்க."

"நாளைக்கே போறேன்மா."

"நாளைக்கு வேண்டாமுங்க. இப்பப் போலாம். நானும் வாரேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்தாள். பாலக்காடு சிவில் ஸ்டேஷன் என்னும் அரசு அலுவலக வளாகத்தில், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்கல் எழுதி முடிக்கும்வரை அவன் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'அப்போது நான் பயந்துபோயிருந்தேன்' என்று ஒரு வரி எழுதப்போனான். அவள் நிற்பதைப் பார்த்து, அதை எழுதாமல் விட்டான்.

அந்த வாரமே பாஸ்கலின் வேலை போனது. பொய் சொன்னதற்குத் தனியாக வழக்கு வரும் என்றார்கள். ஜெபக் கூட்டத்தை இனி எமல்டாவே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டு மூணாற்றுக்குப் போனான். எல்லாவற்றையும் கேட்ட ஜெனிட்டா, "அவங்க வீட்டுக்கு இனி நீங்களா போகாதீங்க. கூப்பிட்டா மட்டும் போங்க" என்றாள். அப்புறம் நாலு நாள் அவனோடு பேசவில்லை. அவன் ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான்.

மூன்றாவது மாதம் மாரப்பன் போன் செய்தான். விபத்து விசாரணையில் உத்தரவு வந்திருக்கிறதாம், பாலக்காட்டுக்கு வர முடியுமா என்று கேட்டான். பாஸ்கல் விடியுமுன் பஸ் ஏறினான்.

அலுவலக வராந்தாவில் மருதாத்தாள் அவனிடம் காகிதத்தை நீட்டினாள். "மலையாளத்துல இருக்குதுங்க. நாங்க தமிழ் ஸ்கூல்ல படிச்சவங்க. உள்ள கேட்டாச் சொல்லியிருப்பாங்க. ஆனா உங்க வாயால கேக்கோணும்."

பாஸ்கல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். ஆட்கள் பக்கத்தில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். "சூப்பர்வைசர் பாஸ்கல் என்பவர் தாமே டேப்பை ஒட்டிவிட்டு, காயம்பட்டவர் மீது பழியைப் போட்டு..." அங்கே நிறுத்தினான்.

"உடாம படிங்கண்ணா" என்றான் மாரப்பன். குரலில் கோபம் இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்றிருந்தது.

"...பொய் வாக்குமூலம் கொடுத்தது தெளிவாகிறது. இவ்விபத்தில் மாரப்பன் மீது எந்தத் தவறும் இல்லை."

அந்தக் கடைசி வரியை மாரப்பன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். பாஸ்கல் சொன்னான். காகிதத்தை மடித்துக் கொடுக்கும்போது, "என்னய மன்னிக்க முடியுமா?" என்று கேட்டான். இத்தனை நாளில் அதைக் கேட்டது அப்போதுதான்.

மாரப்பன் மனைவியைப் பார்த்தான்.

"அது இன்னும் வரல்லீங்க" என்றாள் மருதாத்தாள். "வந்தாச் சொல்றமுங்க."

"சரிம்மா" என்றான் பாஸ்கல்.