டிபெண்ட் என்றால் முன்ஹசிர்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு லாயரம்மா என்று பெயர். வக்கீல் படிப்பெல்லாம் இல்லை. விடுப்புப் படிவம், பேங்க் கடிதம், மருந்துச் சீட்டு என்று எந்த இங்கிலீஷ் காகிதமானாலும் அவளிடம்தான் வந்தாக வேண்டும். அதிகம் தூக்கிக்கொண்டு வருகிறவள் வாயாடி என்று பேரெடுத்த இன்னொருத்தி. இருவரும் ஏழு வருடமாகப் படுக்கைவிரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கிற ஜோடி.

புதிதாக வந்த இஸ்திரிக்காரியால் வந்தது வினை. அவளுக்குத் தமிழ் தெரியாது; உருதுவும் இங்கிலீஷும் தெரியும். வாயாடியிடம் பழைய வேலையிடத்தில் பழகிய உருது கைவசம் இருந்தது. போதாதா? சாப்பாட்டு வேளையில் இஸ்திரிக்காரி தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் அதற்கு உருதுவில் அர்த்தமும் சொல்லித்தருவாள், பிறகு வாயாடியே ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். நடுவில் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உருதுவில் ஒரு சொல்கூடத் தெரியாத லாயரம்மா டிபன் டப்பாவை முறைத்துக்கொண்டிருப்பாள். நேற்று வந்தவளுக்கு இத்தனை உறவா என்று வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

ஒருநாள் வாயாடி நோட்டோடு ஓடிவந்தாள். "இன்னைக்கு டிபெண்ட். உருதுல முன்ஹசிராம். இன்னொருத்தர நம்பி இருக்கறது. வாக்கியம் நானே எழுதினேன், சரியா பாரு."

'நான் என் தோழியை நம்பி இருக்கிறேன்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. லாயரம்மாவுக்கு ஒரு நொடி மனசு இளகத்தான் செய்தது. ஆனால் ஒரு பிழைகூட இல்லையே! தன் உதவி இல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே!

"தப்பு," என்றாள். "மொத்தமும் தப்பு. இந்த வயசுல உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?"

முகம் வாடிப்போன வாயாடி இஸ்திரி மேசைக்குப் போனாள். அவர்கள் இருவரும் நோட்டைக் காட்டிக் காட்டிப் பேசுவது தெரிந்தது. வாயாடி திரும்பி வந்தபோது முகத்தில் கோபம்கூட இல்லை.

"சரியாத்தான் இருக்காம்."

"நான் சரியா பாக்கல போல."

"பாத்த." வாயாடி பேனாவைத் திறந்தாள். "சொல்லிக்குடுன்னு முதல்ல உன்னத்தானே கேட்டேன்? மூணு தடவை கேட்டேன். 'நான் இருக்கேன்ல, உனக்கெதுக்கு'ன்னு சொல்லிட்ட."

லாயரம்மாவுக்கு நினைவிருந்தது. மூன்று தடவையும் நினைவிருந்தது.

"எழுதினது சரிதான்," என்று வாயாடி அந்த வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். "விஷயந்தான் இனிமே தப்பு."