குனியாமல் கழுவ ஒரு மேடை

பெரிய வியாழனுக்குக் கால்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சபைச் செயலருடையது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றுதான் அவர் சொல்வார். ஆனால் குழுக் கூட்டத்தில் பேச்செல்லாம் கால்களைப் பற்றியே இருக்கும். இயேசு தம் சீஷர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, ஆயர் பன்னிரண்டு பேரின் வலது பாதத்தைக் கழுவும் ஆராதனை அது. தாழ்மையின் ஆராதனை என்பதால் அதில் இடம் பிடிக்க எப்போதும் அடிதடி.

மருத்துவமனை முதலாளிக்கு ஒரு கால் ஒதுக்கியாயிற்று. பள்ளித் தாளாளருக்கும் அப்படியே. பாடகர் குழுத் தலைவி, தன் காலுக்கு இடமில்லை என்றால் தன் தொண்டைக்கும் விடுமுறைதான் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டதால் அவருக்கும் ஒன்று. ஏழைகள் சார்பில் ஒரு காலாவது வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டி, பார்வைக்குப் பாந்தமான ஏழை யார் என்று நெடுநேரம் அலசி, கடைசியில் தொழில் கொஞ்சம் சரியாகப் போகாத ஒரு வழக்கறிஞரைப் போட்டு முடித்தார்கள்.

எல்லோரும் கால் கழுவி, நகம் வெட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது கட்டளை. ஆயருக்கு இடுப்புவலி. ஆகவே இந்த ஆண்டு செயலரே யோசனை சொல்லி, படி வைத்த உயரமான மேடை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கியிருந்தார். பன்னிரண்டு பேரும் மேலே நாற்காலியில் உட்கார்ந்தால் பாதங்கள் ஆயரின் மார்புக்கு நேரே வரும். நின்றபடியே, குனியாமல் கழுவிவிடலாம். மூளைன்னா இதுதான் என்று குழு மெச்சிக்கொண்டது.

செயலர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அதைவிட விறைப்பான முதுகு. நின்றுகொண்டுதான் ஜெபிப்பார். ஜெபம் ஆதியாகமத்தில் கிளம்பி, ஒவ்வொரு ஊரிலும் இறங்கி ஏறி, சாவகாசமாக வந்து சேரும். 'முழு இரவு' என்பது சபையில் அவருக்குப் பட்டப்பெயர். அவர் காதுக்கு மட்டும் அது எட்டியதில்லை.

அவருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதும் ஒரு ஜெபத்தால்தான். அம்மாவின் அடக்க ஆராதனையில், பெட்டியருகே நின்று செயலர் ஜெபித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. தூக்க வந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். ஜெபம் அம்மாவின் பிள்ளைப் பருவம் முடிந்து கல்யாணத்துக்கு வந்திருந்த வேளையில், தம்பி கணீரென்று "ஆமென்" என்றான். முடிந்தது போலிருக்கிறது என்று கூட்டமும் "ஆமென்" போட்டது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். செயலர் கண் திறந்தபோது அம்மா வாசல் தாண்டியிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் பலர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டதை மற்றவர்கள் அழுகை என்று நினைத்தார்கள். செயலர் நினைக்கவில்லை. அன்று மூடிய வாய்தான், தம்பியிடம் மட்டும்.

புதன்கிழமை காலை அந்தத் தம்பியின் மனைவி, செயலர் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தாள். செயலரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். வந்தவள் டம்ளரைத் தொடாமலே விஷயத்தைச் சொன்னாள். தம்பிக்கு வெகுநாளாகச் சர்க்கரை. பேருந்து ஓட்டிய காலம் முழுக்க பிரேக்கை மிதித்த வலது காலில் புண் வந்து, ஆறாமல், விரல்கள் கறுத்துவிட்டன. வியாழன் சாயங்காலம் மருத்துவமனையில் சேர வேண்டும். மறுநாள் காலையில் காலை எடுத்துவிடுவார்கள்.

"அவர் வேற ஒண்ணும் கேக்கல மாமா," என்றாள். "போறதுக்கு முன்னாடி இந்தக் காலை ஒரு தடவை கோயில்ல கழுவி அனுப்பினா நல்லாருக்கும்னு மட்டும் சொன்னார்."

செயலர் கனிவாகத்தான் பதில் சொன்னார். கனிவு அவருக்குக் கைவந்தது. பன்னிரண்டு பேரும் ஏற்கெனவே முடிவாகிவிட்டார்கள் என்றார். காமெரா நேரே பாதத்துக்குத்தான் வைக்கிறார்கள், வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புண் எதற்கு என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடைக்குப் படி இருக்கிறதே, அவன் எப்படி ஏறுவான், விழுந்து வைத்தால் யார் பொறுப்பு என்று தம்பியின் நலனிலும் அக்கறை காட்டினார். அவள் எதற்கும் எழுந்திருக்கக் காணோம். எப்படியாவது பேச்சை முடிக்க வேண்டுமே என்று சொன்னார்:

"வருத்தப்படாதேம்மா. அடுத்த வருஷம் கட்டாயம் பாக்கலாம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வரேன்க்கா என்று செயலரின் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆறிப்போன டீயை எடுக்க மனைவி வந்தாள்.

"அடுத்த வருஷமா?" என்றாள்.

செயலருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளே போய், மறுநாள் ஆற்ற வேண்டிய சிற்றுரையை எடுத்துக்கொண்டார். தலைப்பு தேவ அன்பு. அதில் ஒரு இடம் அவருக்கே ரொம்பப் பிடிக்கும். மூன்று தரம் எழுதிப் பார்த்த இடம். அன்றைக்கு அதை வாசிக்கும்போது மட்டும், யாரோ எழுதிய மொட்டைக் கடிதம் போல இருந்தது.

வியாழன் மாலை ஆலயம் நிறைந்திருந்தது. மேடையில் பன்னிரண்டு பேர் பவுடர் மணக்க உட்கார்ந்திருந்தார்கள். செயலர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ஆண்டவர் ஆள் பார்த்துக் கழுவல," என்றார். "மறுதலிக்கப்போற கால், காட்டிக்கொடுக்கப்போற கால், ஓடிப்போகப்போற கால்னு அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே குனிஞ்சார். அவர் நம்ம மேல வச்ச அன்பு அப்படி. நாமளும் ஒருத்தர் மேல ஒருத்தர் அப்படி அன்பு வைக்கணும்."

சபை நெகிழ்ந்தது. குனிஞ்சார் என்ற சொல்லில் அவர் குரல் ஒருமுறை இடறியது. அதையும் நெகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆயர் நின்றபடி கழுவினார், செயலர் தாம்பாளம் பிடித்தார். பாதத்துக்கு ஒரு கரண்டித் தண்ணீர், ஒரு ஒற்றல். மருத்துவமனை முதலாளியின் கால் காமெராவில் மிக நன்றாக வந்தது.

அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதில்லை. பக்கவாசலுக்கு வெளியே நிற்கும் மரத்தடி மண்ணில் செயலரே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அது அந்த ஆலயத்தின் பழைய வழக்கம். பாடகர் குழு காணிக்கைப் பாட்டைத் தொடங்கியதும், தோளில் துண்டோடு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். பன்னிரண்டு பேரைக் கழுவியும் தண்ணீர் கலங்கவில்லை. அடியில் இருந்த பூ வேலைப்பாடு அப்படியே தெரிந்தது.

மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துணிப் பையோடு மனைவி. தெருவில் வண்டி காத்திருந்தது. புண்ணுக்குப் போட்ட கட்டை அவிழ்த்து, வலது காலை வெறும் மண்ணில் வைத்திருந்தான். இரண்டு விரல்கள் கரியாக இருந்தன. நாற்றம் செயலரை நாலடி தூரத்திலேயே நிறுத்தியது.

"வாண்ணே," என்றான் தம்பி, நேற்றும் பேசிக்கொண்டிருந்த மாதிரி. "உள்ள வந்து உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். எப்படியும் அதை இந்த மண்ணுலதானே கொட்டப்போற. அப்படியே இது மேல கொட்டிட்டுப் போயிடு."

செயலர் தாம்பாளத்தோடு நின்றார். நின்றபடியே ஊற்றிவிடலாம். ஊற்றி முடித்துப் பாட்டின் கடைசி அடிக்குள் உள்ளே போய்விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இவனே கேட்டதும் அவ்வளவுதான்.

"டாக்டர் நனைக்கலாம்னாரா?" என்று கேட்டார். பல வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நாளைக்கு எடுக்கப்போற காலுக்கு இனிமே ஜலதோஷமா பிடிக்கப்போகுது?"

செயலர் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். கஞ்சி போட்ட வேட்டி மடிய மறுத்தது. முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. மண்ணில் மண்டியிட்டு, காலை இரு கைகளாலும் எடுத்துத் தண்ணீரில் வைத்தார். கணுக்காலுக்கு மேலே வெளிறிய ஒரு தழும்பு. சிறுவயதில் அவர் மிதித்த சைக்கிளின் சக்கரக் கம்பியில் கால் சிக்கி வந்தது. அன்று இவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை ஓடிவந்ததும், அப்பாவின் அடியை இவனே வாங்கிக்கொண்டதும் ஞாபகம் வந்தன. வெறும் விரல்களால், மெதுவாக, தேய்த்துக் கழுவினார். பூ வேலைப்பாடு மறைந்தது.

உள்ளே பாட்டு முடிந்தது. செயலர் ஐயா அவர்கள் நிறைவு ஜெபம் செய்வார்கள் என்று ஒலிபெருக்கி அழைத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைத்தது.

"போண்ணே, தேடுறாங்க."

"தேடட்டும்."

தோள் துண்டை எடுத்து விரலிடுக்கு விரலிடுக்காக ஒற்றினார். தம்பி அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருஷம்னு சொன்னியாமே. கவலைப்படாதே. இடது கால் இருக்கு."

செயலர் அடுத்த விரலிடுக்கை ஒற்றினார். தம்பியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணி அனுப்புண்ணே," என்றான் தம்பி, இப்போது விளையாட்டில்லாமல். "பயமா இருக்கு." கண்ணை மூடிக்கொண்டான்.

செயலர் காலை மடியில் வைத்தபடி வாய் திறந்தார். இத்தனை வருடம் வரிசை கட்டி வந்த வார்த்தைகளில் ஒன்றையும் காணவில்லை.

"ஆண்டவரே," என்றார். வெகுநேரம் கழித்து, "இவன் என் தம்பி" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

தம்பி அவசரப்படவில்லை. அண்ணன் ஜெபத்துக்காக அவன் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுதுடா."

"ஆமென்," என்றான்.

உள்ளே, வேறு வழியில்லாமல், பாடகர் குழு அதே பாட்டை முதலிலிருந்து தொடங்கியது. செயலர் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினார். பையைத் தாமே வாங்கிக்கொண்டு, தம்பியின் கையைத் தம் கழுத்தைச் சுற்றிப் போட்டு, வண்டிவரை நடத்திக்கொண்டு போனார். அவன் ஏறியதும் மனைவி ஏறினாள். பிறகு, ஈரத் துண்டோடு அவரும் ஏறிக்கொண்டார்.