துக்கம் கேட்க வந்தவள்

அப்புத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கிய நளீராவைப் பார்த்திருந்தால், பெற்ற வாப்பாவே யாரோ என்று ஒதுங்கிப் போயிருப்பார். முக்காடு இல்லை. சாயம் போன சீலை, நெற்றியில் பொட்டு, இடுப்பில் வெற்றிலைச் சுருள்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அவளுக்கு வேலை. எழுபத்து நாலாம் வருசம், பிள்ளைகளே. அந்தக் கந்தோரில் இருந்த ஒரே பெண் அவள்தான். அவளுக்கென்று ஒதுக்கியது மாதர் பக்கம். வட்டிலாப்பத்துக்கு எத்தனை முட்டை என்று எழுதி எழுதி அலுத்துப்போய், லீவில் பதுளைக்கு வந்திருந்தாள். அப்போதுதான் வாப்பாவின் புடவைக் கடைக்குக் கோடித் துணி வாங்க ஒருத்தி வந்தாள். “எங்க தோட்டத்துப் பெரியாயி மக மாரியாயி செத்துட்டா முதலாளி. வயித்துப் பிள்ளையோட. கந்தோருல காய்ச்சல்னு எழுதிட்டாங்க...” என்றவள், மேலே சொல்லப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் பத்திரிகைக்குத் தகவல் சொல்ல, விசாரிக்கப் போன இரண்டு ஆண் நிருபர்களை அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்துக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நளீரா யோசித்தாள். துக்கம் கேட்க வரும் பொம்பளையை எந்தக் காவல்காரன் மறிப்பான்?

அவள் நினைத்தது சரிதான். “வெலிமடையிலிருந்து வாறேன். செத்தவளோட ஆத்தா பெரியாயிக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி” என்றதும் காவல்காரன் வழிவிட்டான். தோட்டத்துப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. வாப்பாவின் கடையில் சீலை வாங்க வந்த பெண்களிடம் சின்னதிலிருந்தே கேட்ட பேச்சு.

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. அவள் வீட்டில் ஒரு சாவு, மௌத்து என்றால் மெல்லப் பேசுவார்கள், ஓதுவார்கள். குரல் உயர்த்தி அழுதால் பெரியவர்கள் அதட்டுவார்கள். தோட்டத்திலோ, பிந்தி வருகிற உறவுக்காரி, வரிசை வீடுகள் தொடங்கும் லயத்து முனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, முறை சொல்லிக் கூவிக்கொண்டு வரவேண்டும். வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கழுத்தைக் கட்டி ஒப்பாரி வைப்பார்கள். நளீரா சத்தமில்லாமல் நடந்து வந்து, வாசலில் தலைகுனிந்து நின்றாள்.

லயமே அவளைப் பார்த்தது. பின்னாலேயே வந்த கணக்கப்பிள்ளை நல்லையா சிரித்தார்.

“என்னம்மா, அக்கா மக செத்ததுக்கு வாயே தொறக்கல? பெரியாயி, இது யாரு? சரியாச் சொல்லு. கண்டவளையும் உள்ள ஏத்தினா இந்தக் காம்பராவுக்குப் பூட்டுத்தான்.”

பெரியாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது வற்றிய கண். இந்த முகத்தை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. இல்லை என்று தலையாட்டினால் வீடு மிஞ்சும். மகள் காய்ச்சலில் செத்தவளாகவே மண்ணுக்குள் கிடப்பாள்.

நளீரா இரண்டே எட்டில் போய் அவள் கழுத்தைக் கட்டினாள். “பத்திரிகையிலிருந்து வந்திருக்கேன் அம்மா,” காதோரம் சொன்னாள். “நடந்ததச் சொல்லுங்க. எழுதுறேன்.”

பெரியாயி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் எழும்பியது.

“ஊமையாகிப் போனியாடி என் கூடப் பொறந்தவளே!
ஒன் வாய்க்கும் சேத்து நானே அழுறேன்டி!”

கோடித் துணி வாங்க வந்த கருப்பம்மா பாய்ந்து வந்து தோள் சேர்ந்தாள். இன்னும் நாலு பேர் சேர்ந்து வட்டமானார்கள். நல்லையா ஒரு கால் உள்ளே வைத்தார்.

“ஒப்பாரிக்கும் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்க வந்தீங்களாக்கும்?” என்றாள் கருப்பம்மா, கண்ணைத் துடைத்தபடியே. “பொம்பளைக அழுற எடத்துல ஒங்களுக்கென்ன வேலை?”

வைத்த கால் வெளியே போனது.

“பல்லு வச்ச பொட்டிக்கு மெத்தை போட்டு ஏத்துனாங்க, என் மகளே,
பத்து மாசச் சூலிக்குப் பலகை எடம் இல்லன்னாங்க!
பண்டாரவளைக்கு லொறி ஆடாமப் போச்சுதே, என் மகளே,
பதுளை ஆசுபத்திரிக்குப் பாதையில்லாப் போச்சுதே!
கணக்கப்பிள்ளை காலப் புடிச்சுக் கெஞ்சினேனே, என் மகளே,
காய்ச்சல்னு எழுதி ஒன்னக் கட்டி அனுப்புனாங்களே!”

பல்லு வச்ச பெட்டி என்றால் பியானோ. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. துரை பங்களாச் சாமான்களை முன்கூட்டியே பண்டாரவளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மாரியாயிக்கு வலி கண்ட அன்று, தோட்டத்தின் ஒரே லொறி அந்தப் பியானோவோடு போய்விட்டது.

எல்லாம் நல்லையாவின் காதிலும் விழுந்தது. தன்னைப் பற்றிய வரியும் அதில் இருந்தது. ஆனால் ஒப்பாரியை நிறுத்தச் சொல்ல எந்த ஆம்பிளைக்கும் வாய் வராது. வாசலுக்கு வெளியே நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

விடைபெறும்போது பெரியாயி நளீராவின் கையை விடவில்லை. “எம் பேர மறைக்காத. எம் மக பேரயும். வீடு போனாப் போகட்டும்.”

பதுளை வரைக்கும் நளீரா அந்த வரிகளை ஒன்று விடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பைத்தியமோ என்று கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். லொறி ஓட்டிய தம்பையாவை அன்றைக்கே தேடிப் பிடித்தாள். அவர் தலைகுனிந்தபடி, “உண்மைதாங்க” என்றார்.

கொழும்பில் பத்திரிகை ஆசிரியர் அவள் எழுதியதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் பக்கத்தில பொம்பளைப் பேரா? ‘நமது நிருபர்’னு போடுவோம்.”

“பெரியாயி தன் பேரப் போடச் சொல்லியிருக்கா சேர். எனக்கு மட்டும் என்ன ஒளிவு? என் பேர் இல்லாட்டி, வட்டிலாப்பத்துக்கும் வேற ஆளப் பாருங்க.”

செய்தி அவள் பெயரோடு வந்தது. அன்று காலையிலேயே தோட்டத்துக் கந்தோரிலிருந்து தொலைபேசி. “கள்ளப் பேர் சொல்லி உள்ள வந்தவ யாரு? கூப்பிடுங்க அவள!” ஆசிரியர் வெளுத்துப்போய் ரிசீவரைப் பொத்திக்கொண்டார். நளீரா கையை நீட்டி அதை வாங்கினாள்.

“பெரியாயியோட தங்கச்சி பேசுறேன்,” என்றாள். “அக்கா வீட்டுக்குப் பூட்டு விழுந்தா, திரும்பவும் வருவேன். இப்ப எனக்கு அழத் தெரியும்.”