சுவாமிஜி சொல்லாதது

ஹரித்துவாரிலிருந்து சுவாமிஜி ஒருவர் தலைநகரின் கிட்வாய் நகர்த் தமிழர்களிடம் பேச வந்தபோது, அவர் இந்தியைத் தமிழில் சொல்ல சுஜாதாவைத்தான் மேடையேற்றினார்கள். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர். இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"கார்த்திகைப் பௌர்ணமிக்குள் பிரளயம் வரலாம்" என்றுதான் அவர் சொன்னார். கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. சுஜாதா மைக்கை நெருங்கி, "பௌர்ணமிக்குள் உலகம் அழிந்தே தீரும்!" என்றாள். அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த அருக்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுஜாதா வீட்டில் சமையல் செய்பவள். அவளுக்குத் தெரிந்தது காய்கறிக்கடை இந்தி மட்டும்.

பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பு அருக்காணி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனாள். பௌர்ணமி வந்தது, போனது. பிறகு ஒருநாள் திரும்பி வந்தாள்.

"கண் ஆபரேஷன் என்னாச்சு?" என்று கேட்டாள் சுஜாதா.

"போகலீங்க. உலகமே அழியப்போவுது, கண்ணு எதுக்கு? போறதுன்னா புள்ளைங்ககூடவே போயிரலாம்னு சேலத்துக்கு ரயிலேறிட்டனுங்க."

புரை விழுந்த கண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய தேதி, அவள் ஊரில் இருந்தபோதே கடந்துவிட்டது.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? சாமி சொன்னதைத்தானே சொன்னீங்க" என்று அருக்காணியே ஆறுதல் சொன்னாள்.

அதோடு விட்டுவிடலாம் என்றுதான் சுஜாதா பார்த்தாள். அருக்காணி வெங்காயத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துத் தோல் தேடுவதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சமையலறை வாசலில் நின்று சொன்னாள்: "அருக்காணி, சாமி அழியலாம்னுதான் சொன்னார். அழிஞ்சே தீரும்னது நான்."

அருக்காணி அடுப்பை அணைத்தாள். "எதுக்குங்க?"

கூட்டம் தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக. அதற்குப் பதில், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள் சுஜாதா.

மறுநாள் லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மூன்று மணி நேரம் வரிசை. கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்து இந்தியில் மளமளவென்று ஏதோ சொன்னார்.

"ஜூலைலதான் தேதியாம். நடுவுல யாராவது வரலைன்னா முன்னாடியே கூப்பிடுவாங்களாம்" என்றாள் சுஜாதா.

அருக்காணி தலையாட்டவில்லை. பின்னால் தமிழில் போன் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் திரும்பினாள்.

"ஏனுங்க, அவரு என்ன சொன்னாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

சுஜாதா அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.