ஏழாம் பலகையில் பதினான்காம் இடம்

சனிக்கிழமை காலையில் கொட்டகையைத் திறந்ததும் லோதார் பேங்கே முதலில் பார்ப்பது விமானங்களை அல்ல, தரையை. அன்றும் அது அங்கே கிடந்தது. கருவிகள் மாட்டும் ஏழாம் பலகைக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், பதிமூன்றாம் அளவு ஸ்பேனர்.

எழுபத்துமூன்று வயதிலும் அவர் முழங்காலை மடக்கித்தான் கீழே இருப்பதை எடுப்பார். முதுகை வளைக்கிற பழக்கம் பேங்கே குடும்பத்தில் கிடையாது. எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, பலகையில் கறுப்புச் சாயத்தால் வரைந்திருந்த அதன் உருவத்தின் மேல், இரண்டு ஆணிகளுக்கு நடுவில் மாட்டினார். பதினான்காம் இடம்.

"உங்கப்பா மறுபடி வந்துட்டுப் போயிருக்காரு போல," என்றார் ஹின்னெர்க். ஒரு காலத்தில் இதே விமானத் தளத்தில் ரேடியோ பழுதுபார்த்தவர். இப்போது காப்பி போடுவதும் கிண்டல் பண்ணுவதும்தான் அவர் வேலை.

"கதவு சாத்தும்போது அதிருது. அவ்வளவுதான்."

"மத்த முப்பத்தஞ்சும் அதிரலியே. அதுங்களுக்கு மட்டும் காது கேக்காதா?"

லோதார் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஹோல்டர்மோர் தளத்தை ராணுவம் காலி செய்து இருபது வருடமாகிறது. ஓடுபாதையில் இப்போது சூரிய மின்தகடுகள். மூன்றாம் கொட்டகை மட்டும் ஓய்வு பெற்ற பதினொரு பேர் கையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நான்கு விமானங்கள், ஒரு ஹெலிகாப்டர், இறந்த விமானிகளின் படங்கள். இவற்றையெல்லாம் விட லோதாருக்குப் பெரிது ஏழாம் பலகை. அதன் மேல் ஒரு பித்தளைத் தகடு: 'தலைமைத் தொழில்நுட்பர் எவால்ட் பேங்கே. இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு கருவியும் தொலைந்ததில்லை.'

லோதாரின் இறந்துபோன அப்பா.

கருவி தொலைவது இந்தத் தொழிலில் சாதாரண விஷயமல்ல. விமானத்துக்குள் மறந்து விட்ட ஒரு ஸ்பேனர் எந்தத் தண்டுக்கு இடையில் போய்ச் சிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண், பலகையில் ஓர் உருவம். விமானம் கிளம்புமுன் பலகைக்குப் பொறுப்பானவர் விமானியின் எதிரில் விறைப்பாக நின்று சொல்ல வேண்டும்: "ஏழாம் பலகை. முப்பத்தாறு. குறை இல்லை. பேங்கே." ஓர் உருவம் வெறுமையாக இருந்தாலும், "ஒன்று குறைகிறது" என்று சொல்லியாக வேண்டும். அது கிடைக்கும் வரை எந்த விமானமும் அசையாது. எவால்ட் பேங்கே தன் வாழ்நாளில் ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை. ஊரில் அந்தப் பெயருக்கு இன்றும் தொப்பியைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

அன்று நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு வீப்கே லோரென்சன் வருவார். ஒவ்வொரு வருடமும் வருகிறவர். 1967-இல், இதே வாரத்தில், விடியற்காலையில் கிளம்பிய விமானம் பத்தாவது நிமிடம் சதுப்பில் விழுந்தது. ஓட்டியவர் அவருடைய தம்பி யென்ஸ். உடல் கிடைத்தது. விமானத்தில் பாதி சேற்றோடு உள்ளே போய்விட்டது. 'காரணம்: விமானியின் தவறு' என்று படத்தின் கீழ் எழுதியிருக்கிறது. காதலி வீட்டுக்கு மேல் தாழப் பறந்து வேடிக்கை காட்டினான் என்று ஊர் பேசியது. அந்தப் பெண் வேறு ஊருக்கே போய்விட்டாள்.

வீப்கே அந்த வரியைப் படித்துவிட்டு வருடா வருடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார். "என் தம்பி விளையாட்டுப் பிள்ளை இல்ல, பேங்கே சார்."

லோதாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "அறிக்கை அப்படித்தான் சொல்லுது, அம்மா."

இந்த வருடம் சதுப்பில் பழைய வடிகால்களை அடைக்க மண் தோண்டும் இயந்திரம் வந்தது. நான்கு மீட்டர் ஆழத்தில் அது உலோகத்தில் முட்டியது. அதிகாரிகள் பார்த்து, எழுதி முடித்து, வியாழக்கிழமை யென்ஸின் விமானப் பாகங்கள் நிறைந்த இரண்டு மரப்பெட்டிகளை அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவற்றைத்தான் இப்போது இரு கிழவர்களும் தொட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேறு இரும்பைத் தின்பதில்லை. கறுப்புத் தேநீர் போல வழிந்தோட, உள்ளே எல்லாம் அப்படி அப்படியே இருந்தது.

"இது என்ன, கைப்பிடித் தண்டு திரும்புற இடமா?" என்றார் ஹின்னெர்க்.

லோதார் பார்த்தார். விமானி விமானத்தைத் திருப்பும் கைப்பிடியின் தண்டும் நெம்புகோலும் சேரும் மூலையில் ஏதோ இறுகிக் கிடந்தது. கட்டை விரலால் சேற்றை வழித்தார். ஸ்பேனர். தண்டு அதைக் கடித்த தழும்பு இரண்டு பக்கமும் இருந்தது. யாரோ முழுப் பலத்தோடு, மறுபடி மறுபடி, கைப்பிடியை இழுத்துப் பார்த்த தழும்பு. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதும் எண் தெரிந்தது. 7–14.

பின்னால், யாருமில்லாத பக்கத்தில், சிமெண்டில் உலோகம் விழுந்த சத்தம் கேட்டது.

இருவரும் திரும்பவில்லை. என்ன விழுந்தது என்று இருவருக்கும் தெரியும்.

"கதவு சாத்தித்தான் இருக்கு," என்றார் ஹின்னெர்க் மெதுவாக. இந்தத் தடவை அது கிண்டலாக வரவில்லை.

லோதார் நடந்து போய் அதை எடுத்து வந்தார். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பலகையில் இருந்தது ஒரு விரல் நகம் அளவு குட்டை. அதனால்தான் ஆணியில் நிற்கவில்லை. அதன் எண்ணும் அச்சடித்ததல்ல, ஊசியால் கீறியது. அதன் வாய் மூலையில் ஒரு துளி பச்சைச் சாயம். பதினைந்து வருடமாக அந்தப் பச்சையைத் துடைத்திருக்கிறார். விமானத் தளத்தில் எதுதான் பச்சை இல்லை என்று நினைத்திருந்தார். இல்லை, நினைக்காமல் இருந்திருந்தார்.

பதினாறு வயதில் அவர் தன் சைக்கிளுக்குப் பச்சைச் சாயம் அடித்தார். வீட்டு நிலவறையில், அதே பதிமூன்றாம் அளவு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு.

அந்த 1967 நவம்பரில் ஒரு நாள் மாலை அப்பா நேரமில்லாத நேரத்தில் தளத்திலிருந்து வந்தார். மறுநாள் காலை மேலிடத்துச் சோதனை. எல்லா விமானங்களும் ஒன்றாகக் கிளம்பியாக வேண்டும். சாப்பிட உட்காராமல் நிலவறைக்குள் இறங்கி, உடனே திரும்பிப் போனார். இரண்டு வாரம் கழித்து சைக்கிள் சங்கிலி தளர்ந்தது. ஸ்பேனர் இல்லை. அப்பா அவரை ஓர் அறை அறைந்தார். "கருவியைத் தொலைக்கிறவன் எனக்குப் பிள்ளை இல்லை."

அதற்குப் பிறகு லோதார் எதையும் தொலைத்ததில்லை. அது தொங்கிய ஆணிக்கு அப்பா புது ஸ்பேனர் வாங்கவும் இல்லை. சாகும் வரை நிலவறைச் சுவரில் அது வெறும் ஆணியாகவே நின்றது. தன்னைத் தலைகுனிய வைக்கத்தான் என்று மகன் நினைத்திருந்தான்.

"இத நான் பாக்கல, லோதார்," என்றார் ஹின்னெர்க், தொட்டியைப் பார்த்தபடி. "நீ சொன்னாப் பாத்தேன். சொல்லலன்னா சேத்தைத்தான் பாத்தேன். சத்தியமா."

"உனக்கு வாய் நிக்காதே."

"உங்கப்பாதான் என்னை வேலைக்குச் சேத்தாரு. அதுக்கு நிக்கும்."

லோதார் பலகையின் முன் போய் நின்றார். பித்தளைத் தகடு அவர் கையால் மெருகேறி மின்னியது. அந்தப் பெயரோடுதான் அவர் கல்யாணம் பண்ணினார், அந்தப் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார். அப்பா எத்தனை முறை இந்தக் குட்டையான பொய்யைக் கையால் தொட்டு, 'குறை இல்லை' என்று சொல்லியிருப்பார்? அந்தக் காலையில் யென்ஸ் லோரென்சன் எதிரில் நின்று சிரித்திருப்பான். சரி சார் என்று தலையசைத்திருப்பான்.

பதினோரு மணிக்கு வீப்கே வந்தார். எண்பத்துநான்கு வயது. கையில் வழக்கம் போல வெண்ணெய் கேக் பொட்டலம். தம்பியின் படத்தின் முன் நின்று, அந்த வரியைப் படித்தார்.

"என் தம்பி விளையாட்டுப் பிள்ளை இல்ல, பேங்கே சார்."

லோதார் வாயைத் திறந்தார். பழைய பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் இங்க வாங்க, அம்மா."

அவரை ஏழாம் பலகைக்கு எதிரில், விமானி நிற்கும் இடத்தில் நிறுத்தினார். மேல் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். குதிகால்களைச் சேர்த்தார். பதினான்காம் இடத்தில் கறுப்பு உருவம் மட்டும் இருந்தது.

"ஏழாம் பலகை," என்றார். குரல் உயரவில்லை. "ஒன்று குறைகிறது. பேங்கே."

வீப்கேவுக்கு விளங்கவில்லை. பிறகு லோதார் நீட்டிய கையைப் பார்த்தார். ஸ்பேனரை, எண்ணை, இரண்டு பக்கத் தழும்பை.

"எங்க இருந்துச்சு இது?"

"உங்க தம்பி கைப்பிடிக்குக் கீழ. அவரால திருப்ப முடியல. எவ்வளவு முயற்சி பண்ணியிருக்காருன்னு பாருங்க." நிறுத்தினார். "எங்கப்பா உள்ள மறந்து விட்டது. ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சே மறைச்சிருக்காரு."

வெகு நேரம் அந்த அம்மாள் தழும்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். உலோகம் இன்னும் சதுப்பின் குளிர் மாறாமல் இருந்தது.

"அந்த வார்த்தையைச் சொல்லிட்டா விமானம் கெளம்பாதில்ல?"

"கெளம்பாது, அம்மா."

"அப்ப யென்ஸ்கிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்ல நான் யாரு?"

லோதார் யென்ஸின் படத்தின் பக்கம் திரும்பி விறைப்பாக நின்று இன்னொரு முறை சொன்னார். இந்த முறை, கடைசியில் பேங்கே என்ற பெயருக்கு முன்னால் 'எவால்ட்' என்று சேர்த்துச் சொன்னார்.

வீப்கே கேக் பொட்டலத்தை மேசை மேல் வைத்தார். நன்றி சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. "அறிக்கையை மாத்த எழுதிக் குடுங்க. நான் உசுரோட இருக்கும்போதே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பித்தளைத் தகட்டை லோதாரே கழற்றினார். வேறு கை அதைத் தொடக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை கொட்டகையைத் திறந்து, தரையைப் பார்த்தார். எதுவும் இல்லை. பலகையில் முப்பத்தைந்து கருவிகள், ஒரு கறுப்பு உருவம், தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். ஹின்னெர்க் காப்பிக் கோப்பையை நீட்டினார்.

வெளியே மூடுபனி. லோதார் கதவைப் பலமாகச் சாத்தினார். திறந்து, மறுபடி சாத்தினார். பிறகு ஏதாவது விழுகிறதா என்று பலகையின் பக்கம் காதைத் திருப்பி, காப்பி ஆறும் வரை நின்றுகொண்டிருந்தார்.