பித்தளைப் பொத்தான்

கோட்டை என்றால் எல்லாருக்கும் மலைக்கோட்டைதான் ஞாபகம் வரும். எங்களுடையது ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடத்தின் வடகரையில், கருவேல முள்ளுக்குள் கிடக்கும் இரண்டு முழச் சுவர். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலக் கம்பெனிக்காரர்களும் ஆற்றை எல்லையாக வைத்து முறைத்துக்கொண்டிருந்த நாளில், காவலுக்கு யாரோ கட்டியது. அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று வருஷமாகத் தோண்டுகிறோம்.

முதல் வருஷம், லால்குடியிலிருந்து கூலிக்கு வந்த ஜீனத் அக்காவின் மண் சுரண்டும் கரண்டியில் ஒரு பித்தளைப் பொத்தான் தட்டுப்பட்டது. கம்பெனிச் சிப்பாயின் சட்டைப் பொத்தான். உடனே கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குழியில் எது கிடைத்தாலும் அளந்து படமெடுக்கும்வரை தொடக்கூடாது. அது சுவருக்கு அடியில் கிடந்ததா, பக்கத்தில் கிடந்ததா என்பதை வைத்துத்தான் சுவரின் வயசைச் சொல்ல முடியும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்த நான்தான் பொத்தானைப் பிடுங்கி எடுத்தேன். பேன்ட்டில் துடைத்து, செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டேன். மேடம் வருகிற சத்தம் கேட்டதும் குத்துமதிப்பாக மண்ணுக்குள் அழுத்தினேன்.

அகழாய்வுக்குத் தலைவர் தேவதர்ஷினி மேடம். அவருக்குக் கண் கூர்மை.

"மண்ணு கலைஞ்சிருக்கே. யார் தொட்டது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடித்ததை மறுபடி அவிழ்த்துச் சுற்றினேன். மறுநாள் முதல் அக்கா வேலைக்கு வரவேண்டாம் என்று ஆகிவிட்டது.

பாலக்கரை மாதா கோயிலில் போய், செய்ததைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "உங்க மேடம்கிட்டயும் சொல்லிடு ஜூட்" என்றார் அவர். அவர் பரிகாரமாகச் சொல்லச் சொன்ன செபங்களை மட்டும் ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

இப்போது நான் மேற்பார்வையாளர். புது ஆட்களுக்கு முதல் நாள் பாடம் என்னுடையது. "முன்னாடி ஜீனத்துன்னு ஒருத்தங்க, அளக்குறதுக்கு முன்னாடியே தொட்டுட்டாங்க" என்று தொடங்கும். மேடம் சொல்லச் சொன்னது. இப்போதெல்லாம் அது தடுக்காமல் வருகிறது. அதுதான் கேவலம்.

இன்று காலையும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"என் பேரு தஸ்லிமா சார். ஜீனத் எங்க அம்மா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் தொடலம்மான்னு அன்னைக்கே அழுதாங்க. அப்ப யாருன்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்குறாங்க. அன்னைக்கு குழிக்குள்ள வேற யாரு சார் இருந்தாங்க?"

நாற்காலியில் மேடம் இருந்தார். என் கையில் அதே அளவு நாடா இருந்தது. கீழே வைத்தேன்.

"நான் இருந்தேன். நான்தாம்மா எடுத்தேன்."

அவள் திட்டவில்லை. போனில் நம்பரைத் தட்டி என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, ஜூட் பேசுறேன்."

"அட, தம்பியா! நல்லா இருக்கீங்களா? எம்பொண்ணு அங்கதான் வந்திருக்கு, பாத்துக்கங்க. நம்ம ஜூட் தம்பி இருக்காருங்கிற தைரியத்துலதான் அனுப்பினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்."



"மூணு வருஷம் ஆச்சே தம்பி" என்றார்.